வேங்கை மரத்துக்குள் இருந்த சங்கிலி

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தக் கரையில் நின்ற அத்தி மரத்தில், பூவாத்தா என்ற இருவாச்சிப் பறவை கவலைப்பட்டுக்கொண்டு குடியிருந்தாள். அவள் புருஷன் செங்கோடன் கவலைப்படாமல் குடியிருந்தான்.

அவளுடைய கவலைக்குக் காரணம் இருந்தது. இருவாச்சிகள் மற்றப் பறவைகளைப் போலக் கூடு கட்டுவதில்லை, குழந்தைகளே. பெரிய மரத்தில் ஒரு பொந்து பார்த்து வைத்துக்கொள்ளும். முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை அதற்குள் புகுந்து, வாசலை மண் குழைத்துப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டு வைக்கும். ஆண் பறவை வெளியே இருந்து பழம் கொண்டுவந்து அந்தச் சந்து வழியாக ஊட்டும். குஞ்சு தேறும் வரைக்கும் தாய் வெளியே வர மாட்டாள்.

பூவாத்தாவின் பழைய பொந்து அந்த வருஷம் கைவிட்டுப் போயிற்று. மரம் பருத்து, பட்டை தடித்து, வாசல் தானாகவே சுருங்கிவிட்டது. அவளால் தலையை மட்டும்தான் நுழைக்க முடிந்தது.

"தலை நுழைஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்," என்றான் செங்கோடன்.

"அப்படின்னா உங்க தலையை நுழைச்சுக்கிட்டு நீங்களே உட்காருங்க. முட்டையையும் நீங்களே போடுங்க," என்றாள் பூவாத்தா.

இன்னும் இருபது நாளில் முட்டை வந்துவிடும் என்று அவள் உடம்பு அவளுக்குச் சொல்லியிருந்தது. பொந்து இல்லாமல் முட்டை வந்தால் அதைக் கிளையில் வைக்க முடியாது. தரையில் வைத்தால் கீரி பார்த்துக்கொள்ளும். இருவாச்சியின் அலகு பார்க்கத்தான் பெரிது. பழம் பறிக்கலாம், பட்டை உரிக்கலாம். பச்சை மரத்தைக் குடைய அது உதவாது.

அதனால் மரங்கொத்தியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவன் பெயர் கொண்டைராசு. அந்தக் காட்டில் அவனைப் போலக் குடைகிறவர் கிடையாது. அதைவிட, சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பவன் என்று அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவன் தன் சிவப்புக் கொண்டையைப் போலவே எப்போதும் நிமிர்த்தி வைத்திருந்தான்.

ஓடைக்கு அந்தக் கரையில் ஒரு வேங்கை மரம் இருந்தது. நடுமரத்தில் சின்னதாக ஒரு பொத்தல் இருந்தது. கொண்டைராசு மரத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான்.

"நல்ல மரம் அக்கா. பதினைஞ்சு நாள். பதினாறாம் நாள் நீங்க குடி போயிடலாம்," என்றான்.

"நிச்சயமாவா?"

"கொண்டைராசு சொன்னா நிச்சயம்தான்."

"நடுவுல ஏதாவது வந்துட்டா?"

"என்னக்கா வரும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததுதானே வரும்," என்றாள் பூவாத்தா.

"அதுக்குத்தான் முறை இருக்கே," என்றான் செங்கோடன்.

அந்தக் காட்டில் வீட்டு வேலை பேசினால் ஒரு முறை உண்டு. வேலை கொடுப்பவர் ஒரு குச்சியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலை எடுப்பவர் மறு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வாயும் குச்சியில் இருப்பதால் அந்த நேரத்தில் யாரும் சண்டை போட முடியாது. மூன்றாவதாக ஒருவர் பேச்சைச் சொல்லுவார். சொல்லி முடித்ததும் இருவரும் சேர்ந்து குச்சியை முறிக்க வேண்டும். முறிந்தால் பேச்சு உறுதி.

செங்கோடன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "பதினைஞ்சு நாள்ல கொண்டைராசு பொந்து குடைஞ்சு கொடுக்கணும். தினமும் உச்சிப் பொழுதுக்கு விழுந்து கிடக்கிற மரத்துல நான் பட்டை உரிச்சு, அவனுக்குப் புழு காட்டணும். யாரும் நினைக்காத தடை ஒண்ணு வந்தா, கண்ட அன்னிக்கே, பொழுது சாயறதுக்குள்ள, வந்து காட்டணும். காட்டினா, அந்தத் தடை தின்ன நாளெல்லாம் தவணையோட கூடும். காட்டலைன்னா கூடாது."

குச்சி முறிந்தது.

இருவாச்சிகளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. முட்டையிடப் போகிறவள், வேலை முடியாத பொந்தை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது நிலைக்காது என்பார்கள். அதனால் பூவாத்தா அத்தி மரத்திலேயே உட்கார்ந்து, காதால் மட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் காலையில் ஓர் அத்திப்பழத்தைத் தின்றுவிட்டு, அதன் காம்பைக் கிளைக் கவட்டில் செருகி வைத்தாள். நாள் கணக்கு அப்படி.

முதல் மூன்று நாளும் அக்கரையிலிருந்து 'தொக், தொக்' என்று சத்தம் வந்தது. பூவாத்தாவுக்கு அந்தச் சத்தம் தேனாக இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றது.

"ஏங்க, சத்தம் நின்னுடுச்சு."

"சாப்பிடப் போயிருப்பான்."

"இவ்வளவு நேரமாவா சாப்பிடுவான்?"

"அவன் வயிறு, அவன் நேரம்," என்றான் செங்கோடன்.

பூவாத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் விழுந்த மரத்துக்கே பறந்து போனாள். கொண்டைராசு அங்கே இருந்தான். உரித்த பட்டைக்கு அடியில் கொழுத்த புழுக்கள் நெளிந்தன. அவன் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"என்ன தம்பி, சாப்பிடலையா?"

"அலகு கொஞ்சம் வலிக்குது அக்கா."

"வேலை?"

கொண்டைராசு ஒரு புழுவைப் பார்த்துக்கொண்டே, "நடக்குது," என்றான்.

மறுநாள் விடிந்ததும் சத்தம் மறுபடி கேட்டது. ஆனால் அது வேறு சத்தம். 'டர்ர்ர்ர்' என்று ஓடைக்கரை முழுக்க எதிரொலித்தது. பூவாத்தா அன்று உச்சிப் பொழுதில் அவனிடம் கேட்டாள்.

"முன்னே தொக்குன்னு கேட்டுது. இப்போ டர்ருன்னு கேட்குதே?"

"உள்ளே போகப் போகச் சத்தம் அப்படித்தான் அக்கா மாறும்."

"அப்போ நல்லா உள்ளே போயிட்டியா?"

"போயிட்டே இருக்கேன்."

பூவாத்தாவுக்குக் குடைகிற வேலை தெரியாது. குடைகிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அன்றிலிருந்து காலையில் அந்த 'டர்ர்ர்' கேட்ட பிறகுதான் அவள் பழத்தைத் தின்பாள். காம்புகள் ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறின. பதினொன்று வரைக்கும் ஏறின. ஒரு நாள்கூடச் சத்தம் தவறவில்லை.

"பார்த்தியா? நீ கவலைப்பட்டதெல்லாம் வீண்," என்றான் செங்கோடன்.

"இன்னும் நாலு நாள் இருக்கு. அவசரப்பட்டு என்னைக் கேலி பண்ணாதீங்க," என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கொண்டைராசுவே அத்தி மரத்துக்குப் பறந்து வந்தான்.

"அக்கா, யாரும் நினைக்காத தடை வந்திருக்கு. முறைப்படி அன்னிக்கே வந்து சொல்றேன். வாங்க, காட்டறேன்."

மூவரும் ஓடையைத் தாண்டிப் போனார்கள். வேங்கையின் பொந்து இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டியபடி பூவாத்தா ஒரு கிளையில் அமர்ந்தாள்.

மரத்தடியில் எட்டு யானைகள் சுற்றி நின்றன. நடுவில், அன்று விடியலில் பிறந்த ஒரு குட்டி, எழுந்திருக்கப் பார்த்து, முன்னங்கால்கள் விலகி, மறுபடி உட்கார்ந்தது. பெரியநாயகி என்ற மூத்த யானை அண்ணாந்து பார்த்தாள்.

"மேல இருந்து மரத்தூள் கொட்டினா குட்டி கண்ணுல விழும். அது நல்லா நடக்க நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் இந்த மரத்துல கொத்தாதீங்க. அதுக்கு அப்புறம் நாங்க போயிடுவோம்," என்றாள். அவள் எதையும் மெதுவாகத்தான் சொல்வாள். ஆனால் எட்டு யானைகள் மெதுவாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூவாத்தா மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினைந்தும் நாலும் பத்தொன்பது. முட்டை இருபதாம் நாள். ஒரு நாள் மிச்சம். அந்த ஒரு நாளும் கைநழுவினால் போச்சு. ஆனாலும், யானை இங்கே வந்து குட்டி போடும் என்று யார் கண்டார்கள்? இது கொண்டைராசுவின் குற்றம் இல்லை. அவன் அன்றைக்கே வந்து காட்டியும்விட்டான்.

"முறைன்னா முறைதான். நாலு நாள் கூடத் தர்றேன்," என்றாள்.

"ரொம்ப நன்றி அக்கா," என்றான் கொண்டைராசு.

அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஏதோ உறுத்தியது. தடை வந்தவன் முகம் வாடியிருக்க வேண்டும். இவனோ முதுகுச் சுமையை இறக்கி வைத்தவன் போல இருந்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "அவன் ஏன் அவ்வளவு சந்தோஷமா இருக்கான்?" என்று கேட்டாள்.

"குட்டியைப் பார்த்தா யாருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். உனக்குத்தான் இல்லை," என்றான் செங்கோடன்.

பதினாலாம் நாள் விடிந்தது. பூவாத்தா அரைத் தூக்கத்தில் இருந்தாள். அக்கரையிலிருந்து 'டர்ர்ர்ர்' என்று கேட்டது.

அப்பாடா, வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் ஒரு பழத்தைப் பறித்தாள். பாதி தின்றாள். மீதிப் பாதி அலகிலேயே நின்றது.

ஓடைக்கு அப்பால் யானைகளின் முதுகுகள் பனியில் கறுப்பாகத் தெரிந்தன. குட்டியின் கீச்சுக் குரலும் கேட்டது. அவர்கள் இன்னும் வேங்கை மரத்தடியில்தான் நின்றார்கள். அங்கே வேலை நடக்கவில்லை. நடக்கவும் முடியாது.

மறுபடியும் 'டர்ர்ர்ர்' என்று கேட்டது. இத்தனை நாளாக அவள் கேட்டு வந்த அதே சத்தம், அதே திக்கிலிருந்து.

"ஏங்க, எழுந்திருங்க," என்றாள்.

"என்ன?"

"அந்தச் சத்தம் வேங்கையிலிருந்து வரலை. இன்னிக்கும் வரலை, என்னிக்குமே வரலை."

செங்கோடன் எழுந்து இறகை உதறுவதற்குள் அவள் பறந்துவிட்டாள்.

வேங்கைக்கு இருபது மரம் தள்ளி, உச்சி பட்டுப்போன ஒரு பெரிய மருத மரம் நின்றது. அதில் முறிந்து காய்ந்து நின்ற முட்டுக்கிளையில் கொண்டைராசு கண்ணை மூடிக்கொண்டு சுகமாகத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தட்டிய இடத்தில் பட்டை போய், மரம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் தட்டினால் அப்படி ஆகாது.

"வேலை நடக்குதா தம்பி?" என்றாள் பூவாத்தா.

கொண்டைராசு கண்ணைத் திறந்தான். அவன் கொண்டை படுத்துவிட்டது.

"அக்கா, நீங்க எங்கே இங்கே?"

"சத்தம் கேட்டு வந்தேன். இத்தனை நாளா இதைக் கேட்டுத்தானே நான் சாப்பிடறேன்."

"இது சும்மா, காலைப் பழக்கம். விடிஞ்சா வாய் தானா தட்டுது."

"யானைங்க வர்றதுக்கு முன்னாடியும் இது காலைப் பழக்கமா?"

அவன் தேய்ந்துபோன இடத்தைக் காலால் மறைக்கப் பார்த்தான்.

"வேங்கையில என்ன இருக்கு? வா, காட்டு."

"நீங்க பார்க்கக் கூடாதே அக்கா. முடியாத பொந்தைப் பார்க்கறது வழக்கம் இல்லையே."

"முடியாத பொந்தைத்தான் பார்க்கக் கூடாது. அங்கே பொந்தே இருக்காதுன்னு எனக்குத் தோணுது. இல்லாததைப் பார்க்க என்ன வழக்கம்?"

அதற்குள் செங்கோடனும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். மூவரும் வேங்கைக்குப் போனார்கள்.

பூவாத்தா நினைத்தது சரி. அவள் தலை நுழையும் ஆழத்துக்குத்தான் குடைந்திருந்தது. அதற்குள் இடப்பக்கம் ஒரு கொத்து, வலப்பக்கம் ஒரு கொத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பாதியில் விட்ட கொத்துகளாக இருந்தன. நடுவில் கறுப்பாக என்னவோ வளைந்து கிடந்தது. பூவாத்தா தன் பெரிய அலகால் அதைத் தட்டினாள்.

'ணங்' என்றது.

கீழே எட்டு யானைகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. பெரியநாயகி குட்டியை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"அது சங்கிலிச் சத்தம்," என்றாள்.

"இந்த மரத்துக்குள்ள எப்படிச் சங்கிலி வந்துச்சு?" என்று கேட்டான் செங்கோடன்.

பெரியநாயகி தும்பிக்கையால் மரத்தைத் தடவிப் பார்த்தாள். "முன்னே ஒரு காலத்துல இங்கே மரம் வெட்டினாங்க. தடி இழுக்கிற யானைங்களை இந்த மாதிரி மரத்துலதான் கட்டுவாங்களாம். வெட்டினவங்க போயிட்டாங்க, சங்கிலியை விட்டுட்டாங்க போல. மரம் அதைச் சுத்தி வளர்ந்து விழுங்கிடுச்சு. எங்க கூட்டத்துலயே யாருக்கும் இது தெரியாது."

பூவாத்தா கொண்டைராசுவைப் பார்த்தாள். "இதை எந்த நாள் பார்த்தே?"

"நாலாம் நாள்."

"அன்னிக்குச் சாயங்காலம் நான் உன்னைக் கேட்டேன்."

"கேட்டீங்க."

"ஏன் சொல்லலை?"

கொண்டைராசு கிளையை மாற்றி மாற்றிப் பிடித்தான். "சொன்னா என் பேரு போயிடும்னு நினைச்சேன் அக்கா. அந்தக் குக்குறுவான் இருக்கானே, அவனும் மரம் குடையறவன். கொண்டைராசுவுக்கு ஒரு வேங்கை மடங்கலைன்னு காடு பூரா சொல்லிச் சிரிப்பான். நாளைக்கு வேற பக்கமா கொத்திச் சமாளிச்சுடலாம்னு நினைச்சேன். மறுநாளும் அதையேதான் நினைச்சேன். நீங்க சத்தம் கேட்கலைன்னா கவலைப்படுவீங்களேன்னு அந்த மருதுல போய்த் தட்டினேன்."

"நான் கவலைப்படுவேன்னா தட்டினே?"

"ஆமாங்க்கா."

"அப்புறம் யானை வந்ததும் ஓடி வந்து சொன்னியே, அது?"

"அதைச் சொல்லலாம்ல அக்கா. யாரும் சிரிக்க மாட்டாங்க. எல்லாத்தையும் அவங்க மேல போட்டுட்டா, என் தாமதம் தெரியாதுன்னு நினைச்சேன்."

கீழே இருந்து பெரியநாயகி நிதானமாகக் கேட்டாள். "என் குட்டி மேலயா போட்டே?"

கொண்டைராசு மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டான்.

"நாலு நாள் என் குட்டியோடது. அதை நான் ஒத்துக்கறேன். மத்த நாளெல்லாம் என் குட்டியோடது இல்லை. அதை நீயே வச்சுக்கோ," என்றாள் அவள்.

செங்கோடன் இப்போதுதான் கணக்கைப் புரிந்துகொண்டான். அவன் இறக்கைகள் தொங்கின. "ஐயோ பூவாத்தா, இன்னும் ஆறு நாள்தானே இருக்கு? முட்டையை எங்கே வைக்கிறது? கீரி வருமே. என்ன செய்யறது?" என்று புலம்பத் தொடங்கினான்.

பூவாத்தா புலம்பவில்லை. பதினான்கு நாளாக என்ன வருமோ என்று பயந்தாள். அது வந்து எதிரே நின்றுவிட்டது. இனி அதைப் பார்த்துப் பேச வேண்டியதுதான்.

"தம்பி, இந்தச் சங்கிலியை நீயும் வைக்கலை, நானும் வைக்கலை," என்றாள். "நாலாம் நாளே என்னைக் கூட்டிவந்து காட்டியிருந்தா, உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். வேற மரம் பார்த்திருப்போம். புதுசா பதினைஞ்சு நாள் தந்திருப்பேன். நாலும் பதினைஞ்சும் பத்தொன்பது. அப்பவும் முட்டைக்கு ஒரு நாள் மிச்சம் இருந்திருக்கும். வேற மரம்னா யானை வந்ததும் நம்மைத் தடுத்திருக்காது. சங்கிலியைக் கண்டதிலிருந்து யானைங்க வர்ற வரைக்கும் எட்டு நாள். அதை யார் தின்னாங்க? சங்கிலியா, யானையா?"

"நான்தான்," என்றான் கொண்டைராசு, மிக மெல்ல.

குட்டி யானை தன் தும்பிக்கையைத் தானே மிதித்துவிட்டு அதிசயமாகப் பார்த்தது.

பூவாத்தா தலையைச் சாய்த்து எதையோ கேட்பது போல இருந்தாள். "இந்த வேங்கையில நீ கொத்தினப்போ தொக்குன்னுதான் கேட்டுது. அந்த மருதுல தட்டினா மட்டும் ஏன் டர்ருன்னு ஓடைக்கரை பூரா எதிரொலிக்குது?"

"அது நல்லா சத்தம் கொடுக்கிற மரம் அக்கா. உங்களுக்குக் கேட்கணும்னு தேடித்தான் பிடிச்சேன். சத்தம் அப்படி வரணும்னா உள்ளே..." என்றவன் பாதியில் நிறுத்தினான்.

"உள்ளே?"

"உள்ளே வெறுமையா இருக்கும்."

அவன் அதற்குமேல் நிற்கவில்லை. மருதுக்குப் பறந்தான். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். கொண்டைராசு முட்டுக்கிளையின் அடியிலிருந்து நடுமரம் வரைக்கும் ஒவ்வொரு முழமாகத் தட்டி, காதை வைத்து, தட்டி, காதை வைத்துக் கீழே இறங்கினான். மேலே பட்டுப்போயிருந்தாலும் கீழே பட்டை பச்சையாக, கெட்டியாக இருந்தது. ஓர் இடத்தில் நின்று மூன்று முறை தட்டினான்.

"ஒரு இருவாச்சி இறக்கையை மடக்கி உட்கார்ந்து திரும்பற அளவுக்கு இருக்கு அக்கா. குடையவே வேண்டாம். வாசல் மட்டும் திறந்தா போதும்."

"இத்தனை நாளா இந்த மரத்தைத்தானே தட்டிக்கிட்டிருந்தே?" என்றான் செங்கோடன். அவனுக்குக்கூடக் கோபம் வந்திருந்தது.

"உங்களுக்குக் கேட்கணும்னு தட்டினேன் அண்ணே. நான் கேட்கலை," என்றான் கொண்டைராசு.

பூவாத்தா கேட்டாள்: "வாசலுக்கு எத்தனை நாள்?"

அவன் வாயில் உடனே "மூணு நாள்" என்று வந்தது. அதை விழுங்கிக்கொண்டு பட்டையை மறுபடி கொத்திப் பார்த்தான். "பட்டை தடிப்பா இருக்கு. ஆறு நாள் ஆகும். ஆறாம் நாள் மத்தியானம் நீங்க நுழையலாம். அப்பவும் வாசல் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். உள்ளே தரையை வழவழப்பாக்க நேரம் இருக்காது. இதுதான் நிஜம் அக்கா. புழுவும் இனி வேண்டாம்."

"புழு வேணும். பட்டினியோட கொத்தினா ஆறு நாள் எட்டாகும். ஆனா நீ தின்ன எட்டு நாளை நீதான் தரணும். நான் உள்ளே போனதும் எட்டு நாள் காலையில நீ எனக்குப் புழு கொண்டுவந்து ஊட்டணும். இவருக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும். இன்னொண்ணு, இனி தினமும் பொழுது சாயறதுக்குள்ள வந்து, அன்னிக்கு எவ்வளவு ஆச்சுன்னு சொல்லணும். நல்லதோ கெட்டதோ, சொல்லணும். சத்தத்தை நான் இனி நம்ப மாட்டேன்."

இரண்டாவது குச்சி முறிந்தது.

கொண்டைராசு விடிந்தது முதல் இருட்டும் வரைக்கும் கொத்தினான். சாயங்காலம் ஆனால் அத்தி மரத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போவான். பதினைந்தாம் நாள், "பட்டையைத் தாண்டிட்டேன்," என்றான். பதினாறாம் நாள், "விரல் நுழையற அளவு ஓட்டை விழுந்திருக்கு," என்றான். பதினேழாம் நாள் மத்தியானமே பறந்து வந்தான்.

"அக்கா, உள்ளே சித்தெறும்பு கூடு கட்டியிருக்கு. வெளியே விரட்ட அரை நாள் போகும். வந்து பார்க்கறீங்களா?"

பூவாத்தா போய், பொந்துக்குள் எட்டிப் பார்க்காமல், வெளியே பட்டையில் ஊர்ந்தவற்றை மட்டும் பார்த்தாள். எறும்புகள் நிஜமாகவே இருந்தன. செங்கோடன் கிளைகளை உலுக்கி, கொண்டைராசு நாக்கை நீட்டி, மாலைக்குள் கூட்டைக் காலி செய்தார்கள். கொண்டைராசுவுக்கு வயிறு நிறைந்தது. அரை நாள் போனது போனதுதான். அன்று பூவாத்தாவுக்குக் கவலை இருந்தது. ஆனால் எதற்குக் கவலைப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் தூக்கமும் வந்தது.

குட்டி நடக்கப் பழகிய பிறகும் மூன்று நாள் ஓடைக்கரையில் மேய்ந்துவிட்டு, பத்தொன்பதாம் நாள் யானைகள் ஓடையைக் கடந்து போயின. குட்டி தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. போகிற வழியில் பெரியநாயகி மருத மரத்தடியில் நின்று, "இன்னும் முடியலையா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு மத்தியானம்," என்றான் கொண்டைராசு.

"யார் மேலயும் போடலையே?"

"இல்லைங்க."

இருபதாம் நாள் மத்தியானம் பூவாத்தா வாசலில் தலையை விட்டாள். தோள் இடித்தது. மூச்சைப் பிடித்து நெளிந்து உள்ளே போனாள். போகும்போது அவளுடைய வால் இறகில் இரண்டு வாசலிலேயே சிக்கி நின்றுவிட்டன. உள்ளே தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் ஒரு முண்டு விலாவில் குத்தியது.

"எப்படி இருக்கு?" என்று வெளியே இருந்து கேட்டான் செங்கோடன்.

"குத்துது. மண்ணைக் கொண்டுவாங்க, சீக்கிரம்."

அவன் ஓடை மண்ணை வாய் வாயாகக் கொண்டுவந்தான். அவள் குழைத்துப் பூசினாள். சந்து ஒன்றை விட்டு வாசல் அடைபட்டது. பொழுது சாயும் நேரத்தில் உள்ளே ஒரு வெள்ளை முட்டை வந்துவிட்டது.

அதன் பிறகு எட்டு நாள் காலையிலும் கொண்டைராசு புழுவோடு வந்தான். ஒரு நாள் தவறவில்லை. எட்டாம் நாள் ஊட்டிவிட்டு, "கணக்கு முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது தம்பி. நாளையிலிருந்து உன் வேலையைப் பாரு."

அடுத்த வாரம் எங்கோ தூரத்தில் 'தொக், தொக்' என்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பூவாத்தா சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, அது கொண்டைராசுவா?"

"அவன்தான். ஒரு மைனாவுக்கு இலவ மரத்துல பொந்து குடையறான்," என்றான் செங்கோடன், அவளுக்கு ஒரு பழத்தை நீட்டியபடி.

"சத்தம் நின்னுடுச்சே?"

"உள்ளே பாதி மரம் ஊறிப்போய்க் கிடந்துச்சாம். உடனே மைனாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கான். குக்குறுவான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான். கொண்டைராசு அதைக் கண்டுக்கலை. இந்த இடம் சரிப்படாது, பக்கத்துக் கிளையில குடைஞ்சா ரெண்டு நாள் கூட ஆகும்னு மைனாகிட்ட சொன்னான். மைனா சரின்னுட்டா. இன்னொரு பொந்தும் அவனையே குடையச் சொல்லி, அவ அக்காளுக்கும் பேசிட்டா. அப்புறம் குக்குறுவான் சிரிக்கலை."

பூவாத்தா பழத்தை விழுங்கினாள். விலாவில் குத்தும் முண்டுக்கு ஏற்ற மாதிரி திரும்பி உட்கார்ந்து, முட்டையை இறகுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"முட்டை பொரிய இன்னும் எத்தனை நாள் இருக்குங்க?" என்று கேட்டாள்.

செங்கோடன் வாசலுக்குப் பக்கத்துக் கவட்டைப் பார்த்தான். அவள் கேட்பாள் என்று தெரிந்து, தினமும் ஒரு காம்பை அவனே அங்கே செருகி வைத்திருந்தான். அவற்றை எண்ணத் தொடங்கினான்.

நீதி: எதிர்பாராத தடையைக் கண்ட அன்றே சொன்னவருக்குத் தவணை உண்டு, மறைத்து வைத்தவர் அந்தத் தாமதத்தைத் தாமே சுமக்க வேண்டும்.